மூன்றாம் மாடியில் முழு சிக்னல்

அந்த வளாகத்தில் அவளை எல்லோரும் ஜன்னலக்கா என்றே கூப்பிட்டார்கள். நூலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், கணினிப் பிரிவின் உதவி ஜன்னலுக்குப் பின்னால் பதினோரு வருடமாக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. அதன் வழியாக ஃபோன்கள் உள்ளே வரும், சரியாகி வெளியே போகும். ஃபோனைக் கொடுத்துவிட்டு நிற்பவர்களின் முகம், ஊசி போடக் குழந்தையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு நிற்பவர்களின் முகம் மாதிரியே இருக்கும் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

விடுமுறை முடிந்து வளாகம் திறந்த வாரத்தில்தான் தொல்லை ஆரம்பித்தது. வந்தவர்களில் பாதிப் பேரின் ஃபோன் வைஃபையில் இணைய மறுத்தது. இத்தனைக்கும் யாரும் எதையும் மாற்றவில்லை. விடுமுறையில் ஃபோன்கள் தாமாகவே புதுப்பித்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

வளாகத்து வைஃபை வீட்டு வைஃபை போல எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லில் ஓடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். மின்னஞ்சல், மதிப்பெண், விடுப்பு விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அதே கடவுச்சொல்தான். அதனால் அதை நீட்டுவதற்கு முன்பு, எதிரே நிற்பது நிஜமாகவே வளாகத்தின் வைஃபைதானா என்று ஃபோன் ஒரு சான்றிதழைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பழைய ஃபோன்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுப்பித்தலுக்குப் பிறகு கறாராகிவிட்டன. வளாகத்தின் முழு இணையப் பெயரை ஒரு கட்டத்தில் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அடித்தால்தான் இணைந்தன. அது நீளமான பெயர். பத்தில் ஏழு பேர் தப்பாக அடித்தார்கள்.

ஆனால் பெரும்பாலான ஃபோன்களில் அதே இடத்தில் இன்னொரு தேர்வும் இருந்தது: ‘சரிபார்க்க வேண்டாம்.’ அதைத் தொட்டால் போதும், எந்தப் பெயரும் அடிக்காமல் உடனே இணைந்துவிடும்.

மூன்றாம் நாள் வரிசை நூலக வாசலைத் தாண்டிப் படிக்கட்டு வரை போனது. ஜன்னலக்கா மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டு ஒரு தாளை எடுத்து ஐந்து வரியில் குறிப்பு எழுதினாள். மூன்றாவது வரி, ‘சான்றிதழ் என்ற இடத்தில் சரிபார்க்க வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.’ நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளரிடம் அதைக் காட்டினாள். தோளில் எப்போதும் ஒரு சுருள் வயர் தொங்குவதால் அவருக்குக் கேபிள் என்று பெயர். பதவியில் அவளுக்கு மேல், வயதில் கீழ். அவர் குறிப்பைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். சரியான முறை இல்லை, ஆனால் இரண்டு வாரத்துக்கு ஓட்டலாம், அதற்குள் எல்லாவற்றையும் தானே அமைக்கிற ஒரு ஆப்பை ஏற்பாடு செய்துவிடுகிறேன் என்றார். அவள் குறிப்பைப் பிரதி எடுத்து ஜன்னலில் ஒட்டினாள். வரிசை அன்றைக்கே கரைந்தது.

இரண்டு வாரம் நான்கு மாதமாயிற்று. ஆப் வரவில்லை. அதைப் பற்றிக் கேட்க அவளுக்கும் நேரமில்லை.

முதல் வாரத்திலேயே ஒரு பேராசிரியர் ஜன்னலுக்கு வந்திருந்தார். மூன்றாம் மாடியில் உணரிகள் ஆய்வகம் நடத்துபவர், நரைத்த தாடி, மெதுவான பேச்சு. மாணவர்கள் தன்னை ‘அப்பா’ என்று கூப்பிடும்படி பழக்கியிருந்தார். என் பிள்ளைகளும் சிரமப்படுகிறார்கள், ஒரு நடை மேலே வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். பேராசிரியர்கள் யாரும் ஜன்னலுக்கு நேரில் வருவதில்லை, வந்தாலும் இவ்வளவு தன்மையாகக் கேட்பதில்லை. அவள் போனாள். பதினான்கு ஃபோன்களைச் சரி செய்தாள். தன்னுடைய ஃபோனையும் அதே மாதிரி அமைத்துக்காட்டினாள். அவர் டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார். குறிப்பைப் படித்துப் பார்த்து, ரொம்பத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். அந்தப் பாராட்டு அவளுக்கு வீடு போய்ச் சேரும் வரை இனித்தது.

சுருட்டை முதல் தடவை வந்தது அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து. அந்த ஆய்வகத்தில் நான்காம் வருடம் ஆய்வு செய்கிறவள். தலைமுடியால் வந்த பெயர். ஃபோன் மற்ற இடங்களிலெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் மட்டும் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றாள். ஜன்னலக்கா அந்த இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். பத்து நாளில் மறுபடி வந்தாள். மறுபடி அதே வைத்தியம்.

மூன்றாம் தடவை வந்தபோது ஜன்னலில் வேறு யாரும் இல்லை. சுருட்டை ஃபோனை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, நான் திறக்காத மெயில் திறந்து கிடக்குது. அப்படி நடக்குமா?”

நீயே திறந்துவிட்டு மறந்திருப்பாய் என்று சொல்லத்தான் ஜன்னலக்கா வாயெடுத்தாள். தினமும் யாராவது ஒருவர் தன் கணக்கில் ஆவி புகுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வருவது வழக்கம். ஆனால் இந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே தூங்காத கறுப்பு இருந்தது. சரி, எதற்கும் மாற்றிவிடுவோம் என்று புதுக் கடவுச்சொல் போட வைத்தாள். அன்றைக்கு நேரம் இருந்ததால் ஃபோனையும் குறிப்பின்படி அமைக்காமல் முறைப்படியே அமைத்தாள். நீளமான பெயரைத் தானே அடித்து, சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். ஏதாவது தகராறு செய்தால் திரையை அப்படியே படம் பிடித்து வை என்றும் சொல்லி அனுப்பினாள்.

நான்காம் தடவை சுருட்டை ஐந்து படங்களோடு வந்தாள். எல்லாம் மூன்றாம் மாடியில் எடுத்தவை. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: இந்த நெட்வொர்க்கை நம்ப முடியவில்லை, இணைக்கப்படவில்லை.

ஜன்னலக்காவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஏனோதானோ என்று அமைத்த ஃபோனெல்லாம் ஓடுகிறது, பார்த்துப் பார்த்து அமைத்தது முரண்டு பிடிக்கிறதே என்று அலுத்துக்கொண்டாள். சுருட்டை அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, திறப்புக்குப் பக்கத்தில் குனிந்து விஷயத்தைச் சொன்னாள்.

ஆய்வகத்தில் மூன்று பெண்கள் சேர்ந்து பேராசிரியர் மேல் புகார் எழுதிக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அவர் பேசும் பேச்சு, பேசும்போது கை போகும் இடம், மறுத்தால் கையெழுத்தாகாத ஆய்வேடு. மூவரும் நேரில் கூடிப் பேசப் பயந்து மின்னஞ்சலிலேயே எழுதித் திருத்தினார்கள். போன மாதம் ஒருத்தி விலகினாள். போன வாரம் இன்னொருத்தியும். இருவரையும் அவர் தனியாகக் கூப்பிட்டு, அவர்கள் மின்னஞ்சலில் மட்டும் எழுதியிருந்த வீட்டு விஷயங்களை அனுதாபமாக விசாரித்திருந்தார். ஒருத்தியின் அப்பாவுக்கு வந்திருந்த நோயைக்கூட. சுருட்டையின் வரைவு, ‘இதை எழுத எனக்கு நான்கு மாதம் ஆயிற்று’ என்று தொடங்கும். அதை அவள் யாருக்கும் இன்னும் அனுப்பவே இல்லை.

“நேத்து டீ குடிக்கும்போது எல்லார் முன்னாடியும் சொன்னாருக்கா. ‘நாலு மாசமா என்னமோ எழுதிட்டிருக்கே போல, கட்டுரை ஒண்ணையும் காணோமே’ன்னு. சொல்லிட்டு என் கப்புல சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தாரு.”

அன்று சாயங்காலம் வீட்டில் ஜன்னலக்காவுக்குச் சமையலில் மனம் செல்லவில்லை. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பெண்ணின் கதையை அவள் பெயர் சொல்லாமல் மேலோட்டமாகச் சொன்னாள். ஃபோன் பற்றி மட்டும் விவரமாகச் சொன்னாள். எல்லா இடத்திலும் சரியாக இருக்கிறது, ஓர் இடத்தில் மட்டும் மறுக்கிறது, அமைப்பில் எங்கே தப்பு விட்டேன் என்றே தெரியவில்லை என்றாள்.

“ஃபோனை ஏன் நோண்டிக்கிட்டே இருக்கே?” என்றார் அவர். “லிஃப்ட் எல்லா மாடியிலயும் நின்னு நின்னு போனா மோட்டாரைப் பார்ப்பேன். ஒரே மாடியில நின்னா அந்த மாடியைத்தான் பார்ப்பேன். அங்கே ஏதோ இருக்கு.”

மறுநாள் மத்தியானம் அவள் மூன்றாம் மாடிக்கு ஏறினாள். நீளமான தாழ்வாரம். ஒரு பக்கம் ஆய்வகக் கதவுகள், மறு பக்கம் மூடிய ஜன்னல்கள். நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். விளக்குகளில் ஒன்று விட்டு ஒன்றுதான் எரிந்தது. சுவரில் பத்தடிக்கு ஒன்றாக அவளுடைய குறிப்பு ஒட்டியிருந்தது. வெறும் தாளாக இல்லை, பளபளப்பான உறை போட்டு, நான்கு மூலையும் ஒட்டி. மூன்றாவது வரிக்கு மட்டும் மஞ்சள் வண்ணம் தீட்டியிருந்தது. அவள் அங்கே எதையும் ஒட்டியதில்லை.

தன் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். கேட்ட மாத்திரத்தில் இணைந்தது. முழு சிக்னல்.

பின்னால் யாரோ நிற்பதை உணர்ந்து திரும்பினாள். பேராசிரியர். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

“நான்தான் ஒட்டச் சொன்னேன்மா. நல்ல விஷயம் நாலு பேருக்குப் பயன்படட்டுமே.” அவள் கையிலிருந்த ஃபோனை எட்டிப் பார்த்தார். “இங்கே சிக்னல் எப்பவும் நல்லாதான் இருக்கும். யாராவது புகார் சொன்னாங்களா?”

சும்மா பார்க்க வந்தேன் என்றாள். டீ சாப்பிடலாம் என்று கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்று கீழே இறங்கினாள். இறங்கும்போது அவளுக்கு ஒருவகையில் நிம்மதிதான். இணைப்பில் பழுதில்லை, அந்தப் பெண்ணின் ஃபோன்தான் கோளாறு.

கேபிளிடம் அதை ஒரு செய்தியாகத்தான் சொன்னாள். மூன்றாம் மாடியில் நடுத் தாழ்வாரத்தில் முழு சிக்னல் வருகிறது, வளாகத்திலேயே அங்கேதான் ஜோராக இருக்கிறது என்று. கேபிள் சாப்பாட்டு டப்பாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இருக்காது என்றார். அந்தத் தாழ்வாரத்தில் வைஃபைக் கருவி இரண்டு முனையிலும்தான் இருக்கிறது, நடுவில் சுவர் தடுக்கிறது, அது செத்த இடம், ஒரு கோடு வந்தாலே பெரிது. நீங்கள் வேறு மாடியில் நின்றிருப்பீர்கள் என்றார். இல்லை, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன் என்றாள்.

கேபிள் ஸ்பூனைக் கீழே வைத்தார். கணினியில் மாடி வரைபடத்தைத் திறந்து, கருவிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“அக்கா, அங்கே நம்ம கருவி எதுவும் இல்லை.”

விஷயம் இருவருக்கும் விளங்கிவிட்டது. யாரோ ஒருவர் வளாகத்தின் பெயரையே வைத்து ஒரு பொய் வைஃபைப் பெட்டியை அங்கே வைத்திருக்கிறார். சான்றிதழைப் பார்க்காத ஃபோன் நம்பிக்கையோடு கடவுச்சொல்லை அதன் கையில் கொடுத்துவிடுகிறது. பார்க்கச் சொல்லி அமைத்த ஒரே ஒரு ஃபோன்தான் கொடுக்க மறுத்தது. மற்றவை எல்லாவற்றையும் பார்க்காதே என்று சொல்லிவைத்தது அவளுடைய குறிப்பு.

பிறகுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. அவளுடைய ஃபோனும் நான்கு மாதமாக அப்படித்தான் இருக்கிறது. அவள் கணக்கு மற்றவர் கணக்கைப் போன்றதில்லை. கடவுச்சொல்லை மறந்து வருகிறவர்களுக்குத் தற்காலிகக் கடவுச்சொல் கொடுக்கும் அதிகாரம் அதில் இருந்தது.

தன் கணக்கின் பதிவேட்டைத் திறந்தாள். நான்கு மாதத்தில் நூற்றுக்கணக்கான வரிகள். ஐந்து வரிகள் அவளுக்கு நினைவில் இல்லாதவை. மூன்று சுருட்டைக்கும் அந்த இரண்டு பெண்களுக்கும். ஒன்று பெண்கள் புகார்களை விசாரிக்கும் குழுவின் செயலாளருக்கு. அந்த அம்மாள் மறுநாள் ஜன்னலுக்கு வந்து பாஸ்வேர்டு போகவில்லை என்றதும், வயசாயிடுச்சு மேடம் நமக்கு என்று தமாஷாகப் பேசிப் புதிதாகப் போட்டுக் கொடுத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இன்னொரு வரியின் தேதி அவள் விடுப்பில் இருந்த நாள். மகளுக்குத் தேர்வு என்று பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்றிருந்தாள். அதே நேரத்தில் அவள் பெயரில் யாரோ ஜன்னலக்காவாக வேலை பார்த்திருந்தார்கள்.

கேபிள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குறிப்புகளையெல்லாம் சத்தமில்லாமல் கிழித்துவிடுவோம், எல்லோரையும் கடவுச்சொல் மாற்றச் சொல்லி ஒரு பொது அறிவிப்பு விடுவோம், பெட்டி வைத்தவன் தானாக எடுத்துவிடுவான் என்றார்.

“நாம பார்த்தோம்னு யாருக்கும் தெரிய வேணாம்க்கா. தெரிஞ்சா முதல்ல நம்ம தலைதான் உருளும்.”

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை என்பதுதான் உண்மை. தன் கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு ஜன்னலுக்குத் திரும்பினாள்.

நான்கு மணிக்குப் பேராசிரியர் வந்தார். வரிசையில் தன் முறை வரும் வரை பொறுமையாக நின்றார். ஃபோன் எதையும் நீட்டவில்லை. திறப்பின் விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

“டீ கூடக் குடிக்காம போயிட்டீங்களேன்னு வருத்தமா இருந்துச்சு.”

வேலை என்றாள் மறுபடியும்.

“பொண்ணு நல்லா எழுதினாளாம்மா? கணக்குத் தேர்வுதானே அன்னிக்கு?”

மகளுக்குத் தேர்வு என்று அவள் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. விடுப்புக்கு அனுப்பிய மின்னஞ்சலில் மட்டும் எழுதியிருந்தாள். கணக்குத் தேர்வு என்று அதிலும் எழுதவில்லை. பள்ளிக்கூடம் அதே மின்னஞ்சலுக்கு அனுப்பிய கால அட்டவணையில் இருந்தது அது.

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டியது அவளுக்கே தெரியவில்லை.

“பதினோரு வருஷ சர்வீஸ். உங்க பேர்ல எவ்வளவோ வேலை நடக்குது, எல்லாத்தையும் நீங்களே ஞாபகம் வெச்சிருக்க முடியுமா? யாராவது தோண்டிக் கேட்டா கஷ்டம். பார்த்து இருந்துக்கங்கம்மா.” சொல்லிவிட்டு, பின்னால் நின்ற மாணவனுக்கு வழி விட்டு, அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் இந்த முறை எதையும் மறைக்கவில்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். குறிப்பை எழுதியது தான்தான் என்பதைக் கடைசியில் சொன்னாள். அவர் நாளைக்கு நானும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றாள்.

“பயமா இருக்கா?”

“ஆமா.”

“அப்போ இன்னிக்கே எழுதிடு. நாளைக்குக் காலையில எழுந்தா சமாதானம் சொல்லிக்க ஆரம்பிச்சுடுவே.”

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்க, மறு முனையில் அவள் உட்கார்ந்து கையாலேயே எழுதினாள். கணினியைத் தொடவில்லை. குறிப்பை நான் எழுதினேன் என்று முதல் வரி. பொறியாளர் வாய்மொழியாகச் சம்மதித்தார் என்று இரண்டாவது வரி. அதற்குப் பிறகு மற்றதெல்லாம். மூன்று பிரதி எழுதி முடிக்கும்போது விரல் மடங்க மறுத்தது. யாருக்கு இவ்வளவு பெரிய கடிதம் என்று மகள் கேட்டாள். ஆபீஸுக்கு என்றாள். உன் பள்ளிக்கூட மெயிலை இனிமேல் என் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டாள்.

காலையில் கேபிளை ஏணியோடு மூன்றாம் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுருட்டையின் ஃபோனை வாங்கி வைத்திருந்தாள். தாழ்வாரத்தின் முனையிலிருந்து நடுவரை நடந்தார்கள். ஃபோன் சும்மா இருந்தது. எதையும் மறுக்கவில்லை, எச்சரிக்கவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரே ஒரு கோடு காட்டியது. கேபிள் சொன்ன மாதிரியே, செத்த இடம்.

சுவரில் குறிப்புகளும் இல்லை. ஒட்டியிருந்த இடங்களில் சதுரம் சதுரமாகச் சுவர் வெளுத்திருந்தது.

கேபிள் ஏணியைச் சாத்தி ஏறி, பொய்க்கூரையின் பலகை ஒன்றைத் தள்ளினார். பிறகு அடுத்தது. மூன்றாவது பலகைக்கு மேல் அவர் கை நின்றது. ஃபோன் வெளிச்சத்தில் எட்டிப் பார்க்கச் சொல்லி அவளையும் ஏணியில் ஏறச் சொன்னார். உள்ளே விரல்கடை தடிமனுக்குத் தூசி. அதன் நடுவில், புத்தக அளவில், தூசியே இல்லாத ஒரு செவ்வகம். பக்கத்தில் புதிதாக வெட்டிய பிளாஸ்டிக் கட்டு. ஒரு வயரின் நுனி மட்டும் சுவர் ஓட்டைக்குள் தொங்கியது. ஓட்டை ஆய்வகத்தின் பக்கம் போயிற்று.

அந்த நேரத்தில் ஆய்வகக் கதவு ஒரு சாண் திறந்தது. யாரும் வெளியே வரவில்லை. பிறகு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

படிக்கட்டில் இறங்கும்போது கேபிள் கேட்டார், “நான் சரின்னு சொன்னதையும் எழுதிட்டீங்களாக்கா?”

“எழுதிட்டேன் தம்பி. என் பேருக்குக் கீழே.”

அவர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு நின்றார். அவருக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். அவள் காத்திருந்தாள். பொய் வைஃபை வெறும் காற்றில் ஓடாது, உள்ளே வந்தவர்களுக்கு இணையம் கிடைத்திருக்கிறது என்றால் எங்கேயோ நம் வயரிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும் என்று தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். ஏணியை அங்கேயே விட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார். அரை மணியில் எட்டுப் பக்கம் அச்செடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். ஆய்வகத்தின் பின்சுவரில் இருக்கும் இணைப்பு ஒன்றில் நான்கு மாதமாக நூற்றுக்கணக்கான ஃபோன்களின் போக்குவரத்து ஓடியிருந்தது. முந்தின நாள் மாலை ஐந்தே காலுக்கு நின்றிருந்தது.

அவள் கடிதம், கேபிளின் எட்டுப் பக்கம், சுருட்டையின் ஐந்து படங்கள், சுருட்டை கையால் எழுதிய புகார். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, சுருட்டையும் சேர்த்து மூவருமாகப் பெண்கள் புகார்க் குழுவின் தலைவரைப் பார்க்கப் போனார்கள். சட்டம் கற்பிக்கும் பேராசிரியை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் படித்தார். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதில் ஒரு வரியையாவது யாருக்காவது மெயிலில் அனுப்பினீர்களா?

இல்லை என்றார்கள். அவர் எழுந்து போய்க் கதவைத் தாளிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் எதுவும் நடக்கவில்லை. சுருட்டை ஆய்வகத்துக்குப் போகவில்லை. காலையில் வந்து ஜன்னலுக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் புத்தகத்தோடு உட்காருவாள், சாயங்காலம் ஜன்னலக்காவோடு சேர்ந்து பேருந்து நிறுத்தம் வரை நடப்பாள். பேராசிரியர் இரண்டு தடவை அந்த வழியாகப் போனார். இரண்டு தடவையும் பெஞ்சுக்கு முன்னால் நின்று, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனார். சுருட்டை புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அவள் திருப்பிய பக்கம் ஒன்றுகூட இல்லை என்பதை ஜன்னலக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் ஆய்வகத்துக்குச் சீல் வைத்தார்கள். பேராசிரியரைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். பெட்டி கடைசி வரை கிடைக்கவில்லை. ஆனால் ஆய்வகக் கணினி ஒன்றில் ஒரு பட்டியல் கிடைத்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், எதிரே கடவுச்சொற்கள். முதல் பெயர் ஜன்னலக்காவுடையது. அந்தப் பட்டியல் வேறு எங்கெல்லாம் பிரதியாகிப் போயிருக்கிறது என்று சொல்ல முடியாது என்று சோதித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பேராசிரியரும் சொல்லவில்லை. அவர் விசாரணைக்கு வந்தபோதும் எல்லோரிடமும் மரியாதையாகவே பேசினாராம்.

ஜன்னலக்காவுக்கும் கேபிளுக்கும் கண்டனக் கடிதம் வந்தது. கேபிளின் பதவி உயர்வு நின்றது. அவளை ஜன்னலிலிருந்து எடுத்து ஆவண அறைக்கு மாற்ற முடிவாயிற்று. அதற்கு முன்பு ஒரு வேலையை அவளே முடிக்கட்டும் என்றார்கள். பட்டியலில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, புதுக் கடவுச்சொல் போட வைத்து, ஃபோனை முறைப்படி அமைத்துக் கொடுக்க வேண்டும். தண்டனையாகத்தான் கொடுத்தார்கள். வேறு யாரும் செய்வதை அவளும் விரும்பவில்லை.

மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள். உங்கள் கடவுச்சொல் நான்கு மாதமாக இன்னொருவர் கையில் இருந்தது, அதற்கு வழி செய்தது நான் எழுதிய குறிப்பு. சிலர் சிரித்தார்கள், என் மெயிலில் என்ன இருக்கிறது என்றார்கள். ஒரு விரிவுரையாளர் கேட்டவுடன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மணவிலக்கு வழக்கில் இருப்பவர் அவர். ஒரு மாணவன், எதையெல்லாம் படித்திருப்பார்கள் என்று கேட்டான். எல்லாவற்றையும் என்று வைத்துக்கொள் என்றாள். அவன் ஃபோனைத் திரும்ப வாங்காமலே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, பிறகு வந்து வாங்கிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் காலையில், முதலில் புகாரிலிருந்து விலகிய பெண் வந்தாள். அவளிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னாள். அவள் ஆச்சரியப்படவில்லை. ஃபோனை நீட்டினாள், புதுக் கடவுச்சொல்லைப் போட்டாள், நீளமான பெயரைத் தானே ஓர் எழுத்தும் பிசகாமல் அடித்தாள். பிறகு பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துத் திறப்பின் வழியாகத் தள்ளினாள்.

“நான் எழுதினதையும் அதோட சேர்த்துக்குவாங்களாக்கா?”

ஜன்னலக்கா வேலையை அப்படியே போட்டுவிட்டு, அவளைத் தானே குழுத் தலைவரின் அறை வரை கூட்டிக்கொண்டு போனாள்.

இரண்டாவதாக விலகிய பெண் மட்டும் வரவில்லை. மாலை ஐந்து மணிக்குப் பட்டியலில் முந்நூற்றுப் பதினோரு பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. ஜன்னலக்கா பதிவேட்டிலிருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. விடுதியில் கேட்டாள். பத்து நாளைக்கு முன்பே அறையைக் காலி செய்துவிட்டாள், அப்பா வந்து அழைத்துப் போனார் என்றார்கள். அந்தப் பெண்ணின் அப்பா படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாதவர் என்று சுருட்டை சொல்லியிருந்தாள். வந்தவர் எப்படி இருந்தார் என்று ஜன்னலக்கா விடுதிக் காப்பாளரைக் கேட்டாள்.

நரைத்த தாடி, மெதுவாகப் பேசினார் என்றார் காப்பாளர்.

அவள் ஃபோனை வைத்துவிட்டு, குழுத் தலைவரின் அறையை நோக்கி ஓடினாள்.